குஞ்சு விடும் விழாவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்

மாசி, பங்குனி வந்துவிட்டால் நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரிப் படங்கள் வரிசையாக வருகின்றன. கடற்கரை மணல். நீல நிறப் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் நெளியும் கருப்பு ஆமைக்குஞ்சுகள். பேரனோ பேத்தியோ உள்ளங்கையில் ஒரு குஞ்சை ஏந்திக்கொண்டு சிரிக்கிறது. கீழே ‘இயற்கையை நேசிப்போம்’ என்று ஒரு வரி, இரண்டு கும்பிடு, ஒரு பச்சை இலை. நாற்பது பேர் கட்டை விரலை உயர்த்துகிறார்கள். நான் உயர்த்துவதில்லை. ‘ஏன் சார், உங்களுக்குப் பிடிக்கவில்லையா?’ என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆமையைப் பற்றி. நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும் ஆமை. மீனவர்கள் அதற்கு எப்போதோ அழகான பெயர் வைத்துவிட்டார்கள்: பங்குனி ஆமை. மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி, சித்திரை வரை இரவு நேரத்தில் பெண் ஆமை கரையேறி, பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டை, நூற்றிருபது முட்டை இட்டு, மணலை மூடித் தன் வயிற்றாலேயே அடித்துச் சமப்படுத்திவிட்டுத் திரும்பிப் போகும். மொத்தம் ஒரு மணி நேர வேலை. நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் கூடும். நாய், நரி, மனிதர்கள் என்று முட்டைக்கு எதிரிகள் அதிகம் என்பதால் வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் திரும்பப் புதைக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் கடலூர்க் கரையிலும் இது நடக்கிறது. இதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இரவெல்லாம் மணலில் நடந்து கூடுகளைத் தேடும் அந்த இளைஞர்களைக் கும்பிடுகிறேன்.

என் சண்டை அதற்குப் பிறகு நடக்கும் விழாவோடுதான்.

குஞ்சுகள் இயற்கையில் எப்போது மணலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்? மணல் குளிர்ந்த பிறகு. அதாவது இரவில், அல்லது விடிவதற்கு முன்னால். பகல் வெயில் அவற்றைக் கொல்லும். காகமும் பருந்தும் கொத்தும். வெளிவந்தவுடன் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில்தான் ஓடும், நீந்தும். முதல் ஒரு நாள் வெறி பிடித்தது போல நீந்தி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும். அது கையிருப்புக் காசு மாதிரி; செலவானால் செலவானதுதான், நிரப்ப ஆளில்லை. அந்தக் கையிருப்பைக் கூடைக்குள் சுற்றிச் சுற்றிச் செலவழிக்க வைத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கடலில் விட்டால், விட்டது எதற்கு?

மூன்று வருடங்களுக்கு முன்னால் கடலோரத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு விழாவைப் பார்த்தேன். எந்த அமைப்பு நடத்தியது என்பதை விட்டுவிடுகிறேன். ஐந்தரை மணிக்கு விடுவதாகச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழே கால் ஆயிற்று. ஷாமியானா, ஒலிபெருக்கி, பன்னீர்த் தெளிப்பு எல்லாம் தயார். கூடைக்குள் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பிறகு கார் வந்தது. சால்வை. பூங்கொத்து. பேச்சு. ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையின் கையிலும் ஒரு குஞ்சு. ‘இந்தப் பக்கம் பார், சிரி’ என்ற கூச்சல். எட்டரை மணிக்குச் சூரியன் சுள்ளென்று அடிக்கும்போது கடலில் விட்டார்கள். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டதைச் சிறுவர்கள் மறுபடி எடுத்துப் பந்து மாதிரி வீசினார்கள். கைதட்டல். அந்தப் பிள்ளைகள் அன்று என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? ஆமை என்பது கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் பொருள். பெரிய மனிதர் வரும்வரை அது காத்திருக்க வேண்டும். இதைத்தான் கற்றிருப்பார்கள்.

இது சின்ன விஷயம், குழந்தைகள் சந்தோஷப்பட்டால் சரி என்று சொல்பவர்களுக்காக அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். என் கோபத்துக்கு உண்மையான காரணம் இதுதான்.

2025 ஜனவரியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒன்றிரண்டு இல்லை. சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேல். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிய நிலையில். மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளம் அது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. நாளிதழ்களில் நான்கைந்து நாள் செய்தி வந்தது. பிறகு பிப்ரவரியில் ஒடிசாவின் ருஷிகுல்யாக் கரையில் ஏறக்குறைய ஏழு லட்சம் ஆமைகள் முட்டையிட வந்தன என்ற நல்ல செய்தி வந்தது. ‘பாருங்கள், ஆமைகள் நிறையத்தானே இருக்கின்றன’ என்று சொல்லி நம்மவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். ஒடிசா நம் கரையைப் போலச் சிதறிய கூடுகள் உள்ள இடம் இல்லை. அங்கே ஆமைகள் கூட்டமாக வந்து ஒரே இடத்தில் முட்டையிடும். அங்கே நிறைய வந்தது இங்கே செத்ததற்குச் சமாதானம் ஆகாது. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்பதற்காக நம் வீட்டுச் சாவு இல்லையென்று ஆகிவிடுமா?

ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நுரையீரல்தான். மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு திரும்ப மூழ்க வேண்டும். விசைப்படகின் இழுவலை கடலடியில் ஓர் இழுப்புக்கு இரண்டு மணி, மூன்று மணி நேரம் போகும். உள்ளே மாட்டிய ஆமை தவித்துத் தவித்து, இருக்கிற மூச்சையும் சீக்கிரம் செலவழித்துச் செத்துப்போகும். வலையைத் தூக்கும்போது பிணம்தான். திரும்பக் கடலில் தள்ளிவிடுவார்கள். இரண்டு நாளில் ஊதிக் கரைக்கு வரும். நகராட்சி ஆட்கள் பள்ளம் தோண்டிப் புதைப்பார்கள். விழா நாளாக இருந்தால் விருந்தினர் வருவதற்கு முன்னால் புதைத்துவிடுவார்கள்.

குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒரு வளர்ந்த ஆமை உருவாகப் பத்துக் கூடு முட்டை வேண்டும். ஆயிரம் வளர்ந்த ஆமை செத்தால்? பத்தாயிரம் கூடு. பத்து லட்சம் முட்டை. அதுவும் இன்று விட்ட குஞ்சு முட்டையிட வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். ஒரு விழாவில் நூறு குஞ்சு விட்டுக் கைதட்டுகிறோம். வரவுப் பக்கத்தில் அந்த நூறை எழுதிக்கொண்டு, செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘இருப்பு அதிகம்’ என்று கையெழுத்துப் போடும் கணக்கு இது. என் காலத்தில் இப்படி ஒரு பேரேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தால் தணிக்கையில் தொங்கவிட்டிருப்பார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது நடைமுறை விதி. ஆமை முட்டையிடும் பருவத்தில் சுற்றித் திரிவது இந்தத் தூரத்துக்குள்தான். வலைக்குள் ஒரு கம்பிச் சட்டமும் ஒரு திறப்பும் வைத்தால் இறாலும் மீனும் உள்ளே போகும், ஆமை முட்டி மோதி வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துக் கொடுத்து எத்தனையோ காலமாகிறது. நம் படகுகளில் அது இல்லை என்பதால் கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா நிறுத்தி வைத்திருக்கிறது. ஆமையின் உயிருக்காக இல்லாவிட்டாலும் டாலருக்காகவாவது செய்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை வருவதோ ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில். படகுகள் கரையேறி ஓய்வெடுக்கும்போது ஆமைப் பருவம் முடிந்துவிடுகிறது. அதனால் அந்த மூன்று மாதம் 5 கடல் மைல் விதியை நிறைவேற்றுவது ஒன்றுதான் வழி. அதைச் செய்யக் கடலில் ரோந்துப் படகு வேண்டும், அபராதம் போடத் துணிவு வேண்டும், போட்ட அபராதத்தைத் தொலைபேசியில் ரத்து செய்யாமல் இருக்கும் மேலிடம் வேண்டும். குஞ்சு விடும் விழாவுக்கு இவை எதுவும் வேண்டாம். ஒரு கூடையும் ஒரு கேமராவும் போதும். விழா ஏன் பெருகுகிறது, ரோந்து ஏன் பெருகவில்லை என்று இப்போது புரிகிறதா?

‘மீனவர் வயிற்றில் அடிக்கச் சொல்கிறீரா?’ என்று கேட்பார்கள். இல்லை. அந்த 5 கடல் மைலும் யாருடைய பிழைப்பிடம்? கட்டுமரமும் நாட்டுப்படகும் வைத்திருக்கும் சிறு மீனவருடையது. 1970களில் விசைப்படகுகள் கரையோரத்துக்கு வந்து அவர்கள் வலைகளை அறுத்ததால் மோதல்கள் நடந்தன. 1983 சட்டம் வந்ததற்கு அந்தத் தகராறுதான் முக்கியக் காரணம். ஆமைக்காக அந்த விதியை நிறைவேற்றினால் முதல் லாபம் நாட்டுப்படகுக்காரருக்குத்தான். தேவனாம்பட்டினத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வலையை யார் அறுக்கிறார்கள் என்று. ஆமையா, விசைப்படகா?

இரண்டாவது எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வரும். ‘செத்த ஆமையைக் காட்டினால் குழந்தை பயந்துவிடும், நல்லதை மட்டும் காட்டுவோம்.’ இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் வயதொத்த புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் சிலர் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். இன்று அந்த மொழியை வைத்து ஒரு டீ கூட வாங்க முடியாது, அது வேறு கதை. ஆனால் அந்தப் படிப்பில் ஒரு பாடம் இருந்தது: ‘லெசோன் த ஷோஸ்’. பொருள்களின் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் கிடையாது. எங்கள் முசே ஒரு பொருளை மேசையில் வைப்பார். ஒரு நாள் பூசணி விதை, ஒரு நாள் நண்டு, ஒரு நாள் செத்த காகம். பார், எண்ணு, தொட வேண்டுமானால் தொடு, பார்த்ததை எழுது. ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் அடித்துவிடுவார். எத்தனை கால், எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, ஏன் செத்தது என்று எழுத வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகள் நாங்கள். யாரும் பயந்து காய்ச்சலில் விழவில்லை. மாறாக, எதையும் இரண்டு முறை உற்றுப் பார்க்கும் பழக்கம் எழுபது தாண்டியும் போகவில்லை.

அதே பள்ளிக் காலத்தில் எங்களுக்குக் கூஸ்தோவின் படத்தைத் திரையிட்டார்கள். ‘மௌன உலகம்’ என்று பொருள்படும் பெயர். லூயி மால் என்பவரோடு சேர்ந்து ழாக்-இவ் கூஸ்தோ எடுத்தது. 1956இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வாங்கியது. கடலுக்கு அடியில் வண்ணத்தில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே முதல் முறையாகக் காட்டிய படங்களில் ஒன்று. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். இப்போது அதைத் திரும்பப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. மீன்களை எண்ணுவதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களைக் கப்பலுக்கு இழுத்துப் போட்டு வெட்டிக் கொல்கிறார்கள். நீந்தும் கடல் ஆமையின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சவாரி போகிறார். எல்லாம் கடல் மேல் உள்ள அன்பின் பெயரால்! பின்னாளில் அதே கூஸ்தோ உலகத்தின் பெரிய கடல் காவலர்களில் ஒருவராக மாறினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுபது வருடத்துக்கு முந்தைய அந்த ஆமைச் சவாரிக்கும் இன்று பேரன் கையில் குஞ்சைத் திணிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்காவது அன்றைக்குத் தெரியாது என்ற சாக்கு இருந்தது.

குழந்தைகளைக் குறைத்து எடை போடாதீர்கள். வீட்டில் தாத்தா செத்தால் நடுக்கூடத்தில் கிடத்தி எல்லாப் பிள்ளைகளையும் நெய்ப்பந்தம் பிடிக்க வைக்கும் ஊர் நம் ஊர். ஓர் ஆமைப் பிணத்தைப் பார்த்தா அவர்கள் ஒடிந்து போவார்கள்? ‘இது ஏன் செத்தது?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நமக்குப் பயம். பதில் நம் தட்டில் இருக்கும் இறால் வறுவலில் முடியும் என்பதால்.

இன்னொரு மூட நம்பிக்கை, ‘அமைதியான கடற்கரை’. சுற்றுலா விளம்பரங்களில் நீலத் தண்ணீர், அலையே இல்லாத கரை, தென்னை மரம். நம் வங்கக்கடல் அப்படிப்பட்டதில்லை. வருடா வருடம் குளிக்கப் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நம் பக்கத்திலேயே தெரியும். மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் அடங்கியிருக்கும். அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கு வெட்டியெடுத்தும், பிறகு கடல் சூடேறி வெளுத்தும் அங்கே பவளப்பாறைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை; இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே விட்டன. பாக் நீரிணையில் கடல் பசுவுக்காக 2022இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக்கினார்கள். அங்கே போனால் கடல் பசுவைப் பார்க்கலாம் என்று பிள்ளையிடம் ஆசை காட்டாதீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் கண்ணிலேயே எப்போதாவதுதான் படும். நாம் காசு கொடுத்துப் போனோம் என்பதற்காக அது வந்து தலையைக் காட்ட வேண்டியதில்லை.

கரை என்பது அசையாமல் கிடக்கும் மணல் என்ற நினைப்பும் தவறு. நான் சிறுவனாக இருந்தபோது புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் கீழே மணல் இருந்தது. சாயங்காலம் அதில் ஓடி விளையாடினோம். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கடல் தின்றது. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கருங்கல் மேல் ஆமை ஏறுமா? இப்போது சில ஆண்டுகளுக்கு முன்னால் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து ஒரு துண்டு மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே நின்று செல்பி எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது தானாக வந்த மணல் இல்லை என்று யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

‘கடல் எங்கேயோ இருக்கிறது, திருக்கோவிலூர்க்காரனுக்கு என்ன?’ என்று கேட்கலாம். நம் வாசலில் ஓடும் தென்பெண்ணை எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? கபிலர் குன்றைச் சுற்றிக்கொண்டு போகும் தண்ணீர் கடலூருக்குப் பக்கத்தில் போய்க் கடலில் விழுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால், சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்துவிட்டார்களே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு கரையோர முள் மரங்களில் என்ன தொங்கியது? துணியும் பிளாஸ்டிக் பையும். மரத்தில் மாட்டியது நம் கண்ணில் பட்டது. மாட்டாதது எல்லாம் ஆமை இருக்கும் இடத்துக்குப் போயிற்று. தண்ணீரில் மிதக்கும் கேரி பை ஆமைக்குச் சொறிமீன் மாதிரி தெரியும். சொறிமீன் அதற்கு இரை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021இல் மஞ்சப்பை இயக்கம், எல்லாம் வந்தாயிற்று. நம் சந்தையில் கீரை எதில் கட்டித் தருகிறார்கள் என்று நாளைக் காலையில் பாருங்கள். குஞ்சு விடும் விழாவுக்குப் போகிற வேனிலேயே ஐம்பது தண்ணீர்ப் புட்டி இருக்கும்.

அப்படியானால் பிள்ளைகளைக் கடலுக்கே அழைத்துப் போகக் கூடாதா? போக வேண்டும். நிச்சயம் போக வேண்டும். போகிற விதம்தான் வேறு. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அதற்கு முன்பே 1970களில் ரோமுலஸ் விட்டேகரும் சதீஷ் பாஸ்கரும் அந்தக் கரையில் நடந்தார்கள். இந்தியக் கரையை ஆமைக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தவர் சதீஷ் பாஸ்கர். இன்றும் ஜனவரி முதல் இரவு நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். பொதுமக்களும் கூடப் போகலாம். மேடை இல்லை. பல இரவுகளில் ஆமையே வராது, தடம் மட்டும் இருக்கும். சில இரவுகளில் செத்த ஆமைதான் கிடைக்கும், அதையும் குறித்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே பார்க்காமல் திரும்பும் அந்த இரவு, கூடையில் நூறு குஞ்சைப் பார்க்கும் காலையை விட ஒரு குழந்தைக்கு நல்லது என்பது என் கட்சி. கடல் நமக்காக ஆடிக்காட்டும் சர்க்கஸ் இல்லை என்று அதன் காலுக்கே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குஞ்சு வெளிவந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது நட்சத்திரமும் நிலவும் பட்டு மினுங்கும் கடல். இப்போது ஹைமாஸ் விளக்கும் ஓட்டல் விளக்கும் ஊர்ப் பக்கம் எரிகின்றன. குஞ்சு சாலைக்கு ஓடி வண்டியில் நசுங்குகிறது. ஊராட்சியில் கேட்டு அந்த மூன்று மாதம் கடலோர விளக்கை இரவு பத்துக்கு மேல் அணைக்க வைக்கலாம். மின் கட்டணமும் மிச்சம். இதற்கு ஒரு மனு போதும்.

மனு என்றதும் கை பரபரக்கிறது. நம்மில் பாதிப்பேர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கியும் தள்ளியும் பழகியவர்கள். இனி நாம் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாளில் பதில். மீன்வளத் துறைக்கு: கடலூர் மாவட்டத்தில் இந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை 5 கடல் மைலுக்குள் மீன் பிடித்ததற்காக எத்தனை விசைப்படகுகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, அபராதத் தொகை எவ்வளவு, வசூலானது எவ்வளவு, ஆமை தப்பிக்கும் சட்டம் பொருத்திய படகுகள் எத்தனை. வனத்துறைக்கு: பொரிப்பகத்திலிருந்து விட்ட குஞ்சுகள் எத்தனை, அதே காலத்தில் செத்து ஒதுங்கிய ஆமைகள் எத்தனை, தேதிவாரியாக. இரண்டு எண்ணையும் ஒரே தாளில் கேளுங்கள். ‘தகவல் தொகுக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தால் மேல்முறையீடு எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரப்பிள்ளை பத்து வயதுக்கு மேல் இருந்தால் அதன் கையெழுத்தில் நகல் எழுத வையுங்கள்.

வருகிற தை மாதம், பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, பேத்தியையும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கடலூர் போகிறேன். பண்ருட்டி வழியாகப் பேருந்தில். வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டு அனுமதி கிடைத்தால் இரவு நடை. கிடைக்காவிட்டால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கரையோரம் இரண்டு மைல். டார்ச் எடுத்து வருபவர்கள் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு வரவும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், அளக்க ஒரு டேப். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். கைப்பேசி பையை விட்டு வெளியே வராது. முட்டி வலி இல்லாதவர்கள், அல்லது என்னைப் போல வலியோடு நடக்கத் தயாராக இருப்பவர்கள், போகிப் பண்டிகைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். இட்லி கட்ட வேண்டும்.